முந்திரி போட்ட வெள்ளை மீன்

எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்து கம்பஸில் படிக்கும் பிள்ளை கேக் சாப்பிடும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ப்ளம்ஸை, அதுதான் உலர்ந்த திராட்சையை, ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள். எனக்குக் கை தானாக நீளும். "ஆன்ட்டி, அது எச்சில்" என்பாள். எச்சிலாவது ஒன்றாவது. நம் வயதுக்காரர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள் என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கண்டியில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு, பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு தின்று அலுத்தவர்களுக்கு அந்தச் சுருங்கிய கறுத்த பழத்தின் அருமை தெரியும். கப்பலில் வர வேண்டிய சாமான் ஒன்றும் கடைக்கு வராத காலம் அது.

அந்தப் பழத்துக்காக நான் ஒரு காரியம் செய்தேன். செய்தேன் என்பதைவிட, செய்ய வேண்டியதைச் செய்யாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது சரி. அப்போது எனக்குப் பத்து வயது. பெரஹரா ஊர்வலம் முடிந்து, யானைகள் போய், வீதியோரத்தில் கச்சான் கடலைக் கோதுகள் மட்டும் மிஞ்சியிருந்த மாதம்.

அப்பா முனிசிபாலிட்டியில் கிளாக்கர். அவருடைய அக்கா, என் அத்தை, கெலிஓயாவில் இருந்தார். மாமாவுக்கு அங்கே ஒரு சில்லறைக் கடை. அப்பா நடக்கப் பழகும் வயதிலேயே தாய் போய்விட்டதால் அத்தைதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அப்படி வளர்த்த தம்பி, கந்தோரில் டைப் அடிக்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்வேன் என்று நின்று, கட்டியும் கொண்டார். அந்தப் பெண்தான் என் அம்மா.

கண்டிக்கும் கெலிஓயாவுக்கும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அந்தத் தூரத்தை அத்தை பதினொரு வருஷமாகக் கடக்கவில்லை. எங்கள் வீட்டு வாசற்படியை அவர் கண்டதே கிடையாது. அம்மாவும் அங்கே போனதில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவும் நானும் மட்டும் போய் வருவோம். அத்தை அம்மாவைப் பற்றிக் கேட்கவே மாட்டார். கேட்டே ஆக வேண்டுமென்றால் "உங்க வீட்டுல எல்லாம் சௌக்கியமா?" என்பார். அந்த 'எல்லாம்' என்பதற்குள் அம்மாவும் பூனையும் அடக்கம்.

அத்தைக்குத் திமிர் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு அப்பா ஓய்வு பெற்று, பேச்சுத் துணைக்கு ஆள் தேடிய நாட்களில்தான் உண்மையைச் சொன்னார். பதிவுத் திருமணத்தன்று அத்தை பதிவுக் கந்தோர் வாசல் வரை வந்திருக்கிறார். கோபமிருந்தாலும் தம்பி தம்பிதானே. மணப்பெண்ணுக்கென்று ஒரு கூறைச்சேலையும் தலைக்குப் பூவும் கொண்டு வந்திருக்கிறார். அங்கே அம்மாவின் தமையன், "கடைசியில ஒரு வடக்கத்தியானுக்குத்தானோ எங்கட பிள்ளை வாய்ச்சது" என்று யாரிடமோ சொல்வது அவர் காதில் விழுந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவர்களை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அத்தை அப்படியே சேலையோடும் பூவோடும் திரும்பி பஸ் ஏறிவிட்டார். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நான் அத்தையைத் திமிர்பிடித்தவர் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம், இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, அத்தைக்கும் மாமாவுக்கும் இந்தியாவுக்குப் போகக் கடிதம் வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தக் கடிதம் வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அத்தை இங்கேயே பிறந்தவர். இந்தியாவைப் படத்தில்தான் கண்டிருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். போனால் போனதுதான். திரும்பி வருவதென்ற பேச்சே இல்லை.

அம்மா அந்தச் செய்தியைக் கேட்ட அன்று வாசலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "ஒருக்கா வந்து என்ர கையால ஒரு வாய் சோறு திண்டிட்டுப் போனாவெண்டால் காணும்" என்றாள். "இல்லாட்டி நான் உங்கட அப்பாவின்ர பெண்சாதி இல்லை, ஆரோ ஒருத்தி எண்டுதானே ஆகும்."

அடுத்த ஞாயிறு அத்தை வீட்டுக்குப் போனபோது, அப்பாவும் மாமாவும் முன்பக்கம் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குசினி அடுப்படியில். அத்தை ஒரு சுளகில் கஜு வைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார். "இந்தா முந்திரி, தின்னு" என்று என் கையில் நாலைந்து போட்டார். அத்தைக்குக் கஜு எப்போதும் முந்திரிதான். கண்டியில் மனிதர், மாடு எல்லாம் கஜு என்று சொன்னாலும், அப்பாவே கஜு என்று சொன்னாலும், அத்தை தன் தாய் வாயிலிருந்து வந்த சொல்லை விடவில்லை.

"ஏன் பாப்பா, உங்க அம்மா மீன் சமைப்பாங்களா?" என்று கேட்டார்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக 'உங்க அம்மா' என்றார். கஜுவை அவசரமாக விழுங்கினேன்.

"சமைப்பாங்க அத்தை. நல்லாச் சமைப்பாங்க."

"முந்திரி போட்டு வெள்ளை மீன் வைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்கம்மா வைப்பாங்க. பால் விட்டு, காரமில்லாம." அத்தை சுளகைப் புடைத்தார். "போறதுக்கு முன்னாடி ஒருவேளை வந்து சாப்பிடுறேன்னு சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமை. முந்திரி போட்டு வெள்ளை மீன் வைக்கச் சொன்னேன்னு சொல்லு."

நான் அந்தச் சொல்லைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து அம்மாவிடம் சேர்த்தேன். பிழை அங்கேதான் இருந்தது. சிந்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மாவின் ஊரில் முந்திரி என்றால் முந்திரிகைப் பழம். கொடியில் குலைகுலையாகத் தொங்கும் திராட்சை. மரத்தில் காய்க்கும் பருப்பு அவர்களுக்கும் கஜுதான். ஆகவே அம்மா வாயில் கை வைத்தாள்.

"முந்திரி போட்டோ? மீனுக்கோ?"

"ஓம் அம்மா. அப்படித்தான் சொன்னாங்க."

"பச்சைப் பழமோ, வத்தலோ?"

"அது சொல்லல."

"வத்தலாத்தான் இருக்கும்" என்று அம்மா தானே முடிவு செய்தாள். "இனிக்குமே... சரி, அவையின்ர வழக்கம் எப்பிடியோ, நாங்கள் என்ன கண்டம்." பிறகு என் தோளைப் பிடித்து, "அப்பாவிட்டச் சொல்லாதை" என்றாள். "பதினொரு வருசமா என்னத்தைச் சமைச்சுப் போட்டனீ, எங்கட மீன் கறிகூட வைக்கத் தெரியாதோ எண்டு கேக்க நான் இடம் குடுக்க மாட்டன். வாறா எண்டதை மட்டும் சொல்லு. மீனை அவர் வாங்கித் தரட்டும். மிச்சம் என்ர பாடு."

அம்மாவுக்கு எல்லாவற்றிலும் இந்த வீறாப்பு இருந்தது. ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் காரியத்துக்கு ஊரைச் சுற்றுவாள். எனக்கும் அதில் பாதி வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். முதல் கடையில் இல்லை. இரண்டாம் கடைக்காரர் சிரித்தார். மூன்றாம் கடையில் ப்ளம்ஸ் பெட்டி இருந்தது, உள்ளே ஆணிகள் இருந்தன. நாலாவது, மார்க்கெட்டுக்கு எதிரே எங்களுக்குப் பழக்கமான முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடை. ஏலம், கறுவா, கொறுக்காய் எல்லாம் கலந்த வாசம் அந்தக் கடைக்கு. நானா தாடியைத் தடவிக்கொண்டார்.

"ப்ளம்ஸா? கண்ணால கண்டு ரெண்டு வருஷமாச்சு தங்கச்சி. வட்டிலப்பத்துக்குக்கூட இல்ல. கஜு வேணுமா? எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. நல்ல முழுக் கஜு."

ஒரு தட்டில் வெள்ளைவெளேரென்று கஜுவை அள்ளி அம்மாவின் முன்னால் வைத்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அத்தையின் சுளகு. இந்தா முந்திரி, தின்னு. அத்தை கேட்டது இதைத்தான். நாலு கடை ஏறி இறங்கித் தேடுவது வேறு எதையோ.

வாயைத் திறந்தேன். "அம்மா" என்றும் சொன்னேன்.

"பொறு பிள்ளை. அப்ப, முந்திரிகை வத்தல் ஒருத்தரிட்டையும் இல்லையோ நானா? ஒரு கைப்பிடி காணும்."

ஒரு கைப்பிடி என்றாள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கஜு என்ன, அத்தை வீட்டில் வாராவாரம் தின்பதுதான். ப்ளம்ஸ் தின்று எத்தனை காலம். ஒரு கைப்பிடி வாங்கினால் அதில் பத்துப் பழமாவது என் வாய்க்குள் போகாமலா இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். தெரியாமல் செய்த பிழை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

"அம்பிட்டியில ஒரு பறங்கி நோனா இருக்கா" என்றார் நானா. "கிறிஸ்மஸுக்குக் கேக் அடிக்கிறவ. அவகிட்ட இருந்தா உண்டு. இல்லாட்டி இந்தக் கண்டி முழுக்கத் தேடினாலும் இல்ல."

அம்பிட்டிய ஏற்றம் நம்மவர்களுக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் இன்னும் ஏற வேண்டும். அம்மாவின் செருப்பு பாதியில் வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். இரண்டு மூன்று தடவை சொல்லிவிடலாம் என்று வந்தது. ஆனால் ஏறின தூரம் கூடக்கூடச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

பறங்கி நோனா, ஐரோப்பிய வழி வந்த அம்மையார், வயதானவர். பூப்போட்ட கவுன், வெள்ளைக் காலுறை. வீடு முழுக்கப் பியானோவும் படங்களும். நமக்கு விளங்கும் தமிழ் பேசினார். ஒரு அலுமாரியைத் திறந்து அடியிலிருந்து வாயகன்ற கண்ணாடிப் போத்தலை எடுத்தார். உள்ளே ப்ளம்ஸ், கறுப்பாக, கொழுகொழுவென்று, பிராந்தியில் ஊறிக் கிடந்தது.

"மகள் கல்யாணக் கேக்குக்கு வச்சது" என்றார். "மகள் அவுஸ்திரேலியா போனது. அங்க கல்யாணம் முடிச்சது. அங்க கேக் வெட்டியாச்சு. இது இங்க இருக்கு."

அம்மா எதற்காகக் கேட்கிறாள் என்று சொன்னாள். மீனுக்கு என்றதும் நோனா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். ஆனால் விடைபெற்றுப் போகும் மைத்துனி என்றதும் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். காசு வேண்டாம் என்றார். அம்மா தையல் தெரியும் என்று சொல்ல, ஒரு கவுன் தைத்துத் தரும்படி கேட்டார். அம்மா அங்கேயே நூலால் அளவெடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். போத்தலில் பாதி ஒரு சின்ன ஜாடியில் எங்களுக்கு வந்தது.

திரும்பும்போது ஜாடி என் மடியில். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு கணக்கில்லை. கண்டி வாவி பஸ் ஜன்னலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. வீட்டுக்கு வந்ததும் நான் பேசாமல் போய்ப் படுத்து, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழும்பினேன். "வெயிலுக்க நடந்த களை" என்று அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. பிராந்தியால் வந்ததா, மனச்சாட்சியால் வந்ததா என்று தெரியவில்லை.

அம்மா அந்த வாரத்தில் கவுனையும் தைத்து முடித்து அனுப்பினாள். வீட்டுச் சுவரின் பாதி உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அதற்கு மேல் சுண்ணாம்பு போதவில்லை.

ஞாயிறு காலை அப்பா மார்க்கெட்டிலிருந்து பாரை மீன் கொண்டுவந்தார். வெள்ளைச் சதை, கண் தெளிவாக இருந்தது. ரத்தம் பிடித்த சூரை வகைகளான பலயாவும் கெலவல்லாவும்தான் அப்போது கண்டிக்கு அதிகம் வரும். பாரை கிடைப்பது அபூர்வம். விடியுமுன்னே போய் லொறி வரும் வரை நின்றிருக்கிறார். மீனைக் கொடுத்துவிட்டு அந்தக் கையோடு அத்தையை அழைத்து வரக் கெலிஓயாவுக்குப் போய்விட்டார். சட்டிக்குள் என்ன நடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

அம்மா சமைத்ததை இப்போதும் கண்ணால் காண்கிறேன். இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், ஒரு துண்டு ரம்பை இலை, கறிவேப்பிலை. கொதித்ததும் மீன் துண்டுகளை மெதுவாக இறக்கினாள். அந்த வாசத்தோடு விட்டிருந்தால் அமிர்தம். பிறகு ப்ளம்ஸைக் கழுவினாள். மூன்று தண்ணீர் மாற்றியும் மணம் போகவில்லை.

"கடவுளே, சாராயக் கடை மாதிரியெல்லே மணக்குது" என்றாள். "கொதிச்சால் போயிடும்."

போட்டாள். அவை மஞ்சள் பாலில் கிடந்து உப்பி, நாய்க் காதில் உண்ணி இருக்குமே, அப்படி ஆயின. குழம்பு மெல்ல மெல்லப் பிளேன்டித் தேநீருக்குப் பால் விட்ட நிறத்துக்கு வந்தது. அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரிப் போனது. இன்னும் இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போட்டாள், தேசிக்காய் பிழிந்தாள், உப்பைக் கூட்டினாள். திரும்ப நக்கினாள்.

"எனக்குப் பிடிக்கேல்லை" என்று என்னிடம் சொன்னாள். "ஆனால் இது எனக்குப் பிடிக்கிறதுக்குச் சமைக்கிற கறி இல்லை."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வீட்டில் மீன் இன்னும் நாலு துண்டு இருந்தது, நானாவின் கடை கூப்பிடு தூரம். ஆனால் பாதிக் கண்டியை அலைய வைத்துவிட்டு இப்போது சொன்னால் முதுகுத்தோல் மிஞ்சாது. பயத்தில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

பகல் ஒரு மணி போல அப்பாவோடு அத்தை வந்தார். நல்ல சேலை, கையில் வெற்றிலையும் வாழைப்பழச் சீப்பும். படியில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார். அம்மா வாரம் முழுக்கப் பாடமாக்கி வைத்திருந்த "வாங்கோ மச்சாள்" பாதியோடு நின்றது. "வாங்கோ" மட்டும்தான் வெளியே வந்தது. அத்தை "ம்" என்றார். பழச் சீப்பை என்னிடம் கொடுத்தார், அம்மாவிடம் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டிருந்த கதிரையில் அத்தை உட்காரவில்லை. பாயில் உட்கார்ந்தார். வாழையிலை போட்டு, சோறு வைத்து, பருப்பு, வாழைக்காய் வறுவல் எல்லாம் வைத்த பிறகு அம்மா சட்டியைக் கொண்டுவந்தாள். முதல் கரண்டி அத்தைக்கு, இரண்டாவது அப்பாவுக்கு.

அத்தை சோற்றில் கை வைத்தார். கை நின்றது. இரண்டு விரலால் உப்பிய ஒரு ப்ளம்ஸைத் தூக்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது என்னது?"

அம்மா சட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"நீங்கள் சொல்லி விட்ட முந்திரி" என்றாள். "பிழையாய் வைச்சிட்டனோ? பச்சைப் பழமோ போடுறது? எனக்குச் சரியாத் தெரியேல்லை. வத்தல்தான் கிடைச்சுது."

அப்பாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தலையை நிமிர்த்தி, "அடடா, அக்கா முந்திரின்னு சொன்னது..." என்று தொடங்கினார்.

"நீ சாப்பிடு தம்பி" என்றார் அத்தை.

"இல்லக்கா, அவளுக்கு..."

"நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? சாப்பிடுன்னா சாப்பிடு."

அப்பா குனிந்துகொண்டார். அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் கையால் முந்திரி என்று வாங்கித் தின்றவள் நான் ஒருத்திதான். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. நான் என் இலையில் இருந்த வாழைக்காயை எண்ணத் தொடங்கினேன்.

அத்தை அந்த ப்ளம்ஸை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். பிறகு மீனைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"எங்க கிடைச்சது இது? கடையில எங்கயும் இல்லையே" என்று கேட்டார். இந்தத் தடவை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா சொல்லத் தொடங்கினாள். நாலு கடை, ஆணிப் பெட்டி, கடைக்காரர் சிரித்தது, அம்பிட்டிய ஏற்றம், செருப்பு அறுந்தது, பறங்கி நோனாவின் மகள், கவுன். பதினொரு வருஷம் பேசாத பேச்சு முழுவதும் அந்த ப்ளம்ஸ் கதையாக வெளியே வந்தது. அத்தை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நோனாவுக்கு நூலில் முடிச்சுப் போட்டு அளவெடுத்த இடம் வந்தபோது அத்தையின் கண் கலங்கியிருந்தது. பச்சை மிளகாய் என்று நினைத்து அம்மா தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றார் அத்தை. "எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு. நீயும் இலையைப் போட்டு உக்காரு."

அம்மா உட்கார்ந்தாள். அந்தக் குழம்பை அன்று நாலு பேரும் சாப்பிட்டு முடித்தோம். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. என்னுடைய பங்கு ப்ளம்ஸ் எனக்கே வேப்பங்காயாகக் கசந்தது.

கைகழுவப் பின்பக்கம் பைப்படிக்குப் போனபோது அத்தை என் காதைப் பிடித்தார்.

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் அத்தை."

"ஏன்டி சொல்லல?"

"திங்கணும் போல இருந்துச்சு."

காதைத் திருகப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திருகவில்லை. "உங்க அம்மாகிட்ட நீ இதச் சொன்னதாக் கேள்விப்பட்டேன், கப்பலை நிறுத்தி வந்து தோலை உரிப்பேன்" என்றார். "மலை ஏறி எறங்கி, செருப்பப் பிச்சு, ஒருத்திக்குக் கவுனு தச்சுக் குடுத்து... அதெல்லாம் வீண்னு அவளுக்குத் தெரியக் கூடாது. அப்பன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று தலையாட்டினேன். அத்தை வாயை மூன்று தடவை கொப்பளித்தார்.

அடுத்த வாரம் ரயிலடியில் அத்தையும் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்தவர்கள் அவர்களைக் கூடப் பிறந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். அப்பா பெட்டிகளை எண்ணுவதாகப் பாவனை பண்ணிக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார்.

கோத்தகிரிப் பக்கமிருந்து கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் அம்மாவுக்கென்று இரண்டு வரி இருக்கும். அம்மா அந்த இரண்டு வரியை அப்பாவைத் திரும்ப வாசிக்கச் சொல்லுவாள். "மீனைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே" என்று குறைப்பட்டுக்கொள்ளுவாள். இறக்குமதியெல்லாம் திறந்துவிட்டு, கடைகளில் ப்ளம்ஸ் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய பிறகு எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பாரை கிடைத்தால் போதும், அம்மா 'மச்சாள் கறி' வைத்துவிடுவாள். அப்பா கஷாயம் குடிக்கிற முகத்தோடு அதைச் சாப்பிட்டு, "அக்கா கேட்ட மாதிரியே இருக்கு" என்பார். ஒரு தடவையாவது வாய் தவறினாரா? இல்லை. நானும் தவறவில்லை.

பிறகு ஒரு நாள் அத்தை போய்விட்டதாக அத்தை மகன் எழுதினார். தீபாவளிக்கு முதல் நாள் மாலை, செத்தவர்களுக்கு அவரவர் ஆசைப்பட்டதைச் சமைத்து இலையில் படைப்பது அப்பா வீட்டு வழக்கம். அம்மாவின் ஊரில் அப்படி இல்லை. ஆனாலும் அந்த வருஷம் அம்மாதான் முன்னின்று அத்தைக்கு இலை போட்டாள். நடுவில் முந்திரி போட்ட வெள்ளை மீன். "ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே சாமான்" என்று சொல்லி இரண்டு கரண்டி கூடுதலாகவே விட்டாள். அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கும்பிட்டோம். அதற்குப் பிறகு அம்மா இருந்த வரை ஒரு வருஷமும் தவறவில்லை. ஒரு நாள் சகித்துச் சாப்பிட்டதற்காக, பாவம், அத்தை செத்த பிறகும் வருஷா வருஷம் அதையே சாப்பிட வேண்டி வந்தது.

அப்பாவும் போனார். அம்மா போய் நாலு வருஷமாகிறது. இப்போது படையல் போடுவது நான்.

போன தீபாவளிக்கு ஒரு முடிவோடு இருந்தேன். என்னிடம் சொல்லி அனுப்பிய மீனை இத்தனை வருஷம் கழித்தாவது அத்தைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நல்ல முழுக் கஜு வாங்கி, ஊறவைத்து, பாதியை அரைத்துப் பாலில் விட்டு, பாதியை முழுதாகப் போட்டுச் சமைத்தேன். மேல் அறைப் பிள்ளை வாசம் பிடித்து இறங்கி வந்துவிட்டாள். அவ்வளவு நன்றாக இருந்தது. ருசி பார்க்காமல் படைக்க வேண்டும் என்பதால் நான் நாக்கில் வைக்கவில்லை. வாசமே சொன்னது.

மூன்று இலை போட்டேன். அப்பா, அத்தை, அம்மா. எங்கள் சாமி அறை சின்னது. இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. அகப்பையில் குழம்பை எடுத்து அத்தையின் இலைக்கு நேரே கொண்டுபோனேன். பக்கத்து இலை அம்மாவுடையது. அம்மா எட்டிப் பார்க்கிற ஆள். பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும் அவளுக்கு. நாலு கடை, அம்பிட்டிய ஏற்றம், அறுந்த செருப்பு, கவுன், இத்தனை வருஷத்துப் படையல், எல்லாம்.

அகப்பையைச் சட்டியில் திரும்ப வைத்தேன். குசினிக்குப் போய், அம்மா வைக்கிற மாதிரியே வேறொரு சட்டியில் மீன் வைத்து, ஒரு கைப்பிடி ப்ளம்ஸை அள்ளிப் போட்டேன். கொதித்து உப்பும் வரை பக்கத்திலேயே நின்றேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கொண்டுவந்து அத்தையின் இலையில் இரண்டு கரண்டி விட்டேன்.

"பொறுத்துக்குங்க அத்தை" என்று சொல்லிக் கும்பிட்டேன். "அம்மா பக்கத்துல இருக்காங்க."